அறைக்கு நாலு பேர்

செங்கூரணி ஊராட்சியில் காளீஸ்வரன் செயலராகச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு தலைவர்களைப் பார்த்துவிட்டார். தேர்தலே நடக்காமல் போன மூன்று வருஷத்தையும் பார்த்துவிட்டார். புதிதாக வரும் தலைவர் முதல் நாள் என்ன செய்வார் என்பது அவருக்கு மனப்பாடம். மாலை விழும், லட்டு வரும், நாற்காலியில் புதுத் துண்டு விரிப்பார்கள். "எங்கன கையெழுத்துப் போடணும்?" என்று தலைவர் கேட்பார். காளீஸ்வரன் விரல் வைத்து இடத்தைக் காட்டுவார்.

2020 ஜனவரியில் பதவியேற்ற வேல்விழி, விரித்திருந்த துண்டை மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இருபத்து மூன்று வயது.

"அண்ணே, கிராமசபைத் தீர்மானப் புத்தகமெல்லாம் எங்கன இருக்கு?"

"எந்த வருசத்துது வேணும், தலைவரம்மா?"

"இருக்கிறது எல்லாம்."

பீரோவின் அடித்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் அலுத்துவிடும் என்று நினைத்தார். அலுக்கவில்லை. காலை ஒன்பதுக்கெல்லாம் வந்துவிடுவாள். பென்சிலை வரிக்கு அடியில் வைத்து, எழுத்து எழுத்தாக நகர்த்திக்கொண்டே படிப்பாள். பன்னிரண்டு வருஷத்துப் பழைய தீர்மானத்தில் இந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று காளீஸ்வரனுக்குக் குறுகுறுப்பாக இருந்தது. டீ வாங்கிக் கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பார்.

நாலாவது நாள் அவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். 2014 சுதந்திர தினக் கூட்டம். ஊருக்குக் கிழக்கே இருக்கும் பட்டாசுக் கம்பெனி புதிதாக ஒரு வரிசை அறை கட்டிக்கொள்ள ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம். கீழே எண்பது பேருக்கு மேல் கையெழுத்தும் கைநாட்டும்.

"இந்தக் கைநாட்டு எங்கம்மா பேர்ல இருக்கு" என்றாள்.

"ஆமா. வேலுத்தாய். அன்னைக்கு வந்திருப்பாக."

"எங்கம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்ணே. அறிவொளி வகுப்புல படிச்சிருக்கு. பால் சொசைட்டில கூட கையெழுத்துதான்."

காளீஸ்வரன் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குக் கூட்டமே நடக்கவில்லை என்பதும், அப்போதைய தலைவர் சங்கிலிமுத்து சொன்னபடி தீர்மானத்தை முந்தின நாளே எழுதி வைத்ததும், ஸ்டாம்பு பேடில் தன்னுடைய பத்து விரலையும் மாற்றி மாற்றி ஒற்றியதும் அவருக்கு ஞாபகம் வந்தது. அவள் இதை மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டால் வேலை போய்விடும். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

வேல்விழி புத்தகத்தை மூடினாள்.

"குடியரசு தினத்துக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. இனிமே தீர்மானத்தை முன்னாடியே எழுதாதீக. கூட்டத்துல வச்சு எழுதுவோம். எழுதினதை அங்கனயே சத்தமா வாசிச்சுருங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தக் கைநாட்டைப் பற்றி அவள் பேசவே இல்லை. அது ஏன் என்று காளீஸ்வரன் பல நாள் யோசித்திருக்கிறார்.

*

வேல்விழியின் அப்பா ஊர்க்காவலன் ஆலங்குளம் சிமென்ட் ஆலையில் ஒப்பந்த முறையில் மூட்டை ஏற்றியவர். அம்மா வேலுத்தாய் பட்டாசு வேலைக்குப் போய் முதுகு வலியால் வேலையை விட்டு நின்றவள். மகளை வேதியியல் படிக்க வைத்தார்கள். படித்துவிட்டுத் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் பிழை பார்க்கிற வேலைக்குப் போனாள். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்கள்தான் பெரும்பாலும். மேலே மயிலோ புலியோ இருக்கும். கீழே பொடி எழுத்தில் எச்சரிக்கை இருக்கும். வாங்குகிறவர் யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதற்காகத்தான் அவளுக்கு அங்கே வேலை. வரிக்கு அடியில் பென்சில் வைக்கிற பழக்கம் அங்கிருந்து வந்தது.

அச்சகத்துக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவர்கள் மூலமாகத்தான் ஒரு சின்னக் கட்சியின் இளைஞர் அணியோடு பழக்கம். அவர்கள் நோட்டீசில் ஏழு பிழை திருத்திக் கொடுத்தாள். எட்டாவதாக, "இந்தக் கோரிக்கையை யார்கிட்ட கேக்கீக? கலெக்டருக்கு இதுல அதிகாரம் இருக்கா?" என்று கேட்டாள். அவர்களுக்குத் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள். போனாள்.

உள்ளாட்சித் தேர்தலில் செங்கூரணி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டபோது, பத்து வருஷம் தலைவராக இருந்த சங்கிலிமுத்து தன் மனைவியை நிறுத்தினார். மனைவி மனு கொடுத்த நாளைத் தவிர வேறு எங்கும் வெளியே வரவில்லை. போஸ்டரில் சங்கிலிமுத்துவின் படம் பெரிதாகவும் அந்த அம்மாவின் படம் தீப்பெட்டி அளவிலும் இருந்தன. வேல்விழிக்கு மூக்குக்கண்ணாடிச் சின்னம் கிடைத்தது. வீடு வீடாகப் போய், ஓட்டுக் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டாள். "உங்க வீட்டுல யாராவது கிராமசபைக்குப் போயிருக்கீகளா?" யாரும் போனதில்லை. சங்கிலிமுத்து அவளைப் பற்றி, "வந்து கேள்வி கேட்டுட்டுப் போகுதாம், பரீட்சை பேப்பரு" என்று டீக்கடையில் சிரித்தார். நாற்பத்து மூன்று ஓட்டில் அவள் ஜெயித்தாள். காளீஸ்வரன் அவளுக்கு ஓட்டுப் போடவில்லை. அவர் மனைவி பாண்டிலட்சுமி போட்டிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

*

குடியரசு தினக் கூட்டம் சமுதாயக் கூடத்தில் நடந்தது. முப்பது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நூற்றிருபது பேர் வந்தார்கள். பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். குடிதண்ணீர், தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் முடிந்த பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து பாண்டிலட்சுமி எழுந்தாள். காளீஸ்வரனுக்குப் பேனா நின்றுவிட்டது. இருபது வருஷக் குடித்தனத்தில் அவள் நாலு பேர் முன்னால் பேசி அவர் பார்த்ததில்லை.

"கம்பெனில ஒரு ரூமுல எம்புட்டுப் பேரு உக்காரணும்? சீசனுக்கு எங்க ரூமுல ஒம்பது பேரு உக்காந்திருக்கோம். முழங்கால் இடிக்குது. இதுக்கு ஏதாவது கணக்கு இருக்கா?"

பாண்டிலட்சுமி கிழக்குக் கம்பெனியில்தான் வேலை பார்த்தாள். ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. கூட்டம் தலைவரைப் பார்த்தது.

"எனக்குத் தெரியலக்கா" என்றாள் வேல்விழி. "தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லுதேன். அண்ணே, கேள்வியை அப்படியே எழுதிக்கோங்க."

தெரியவில்லை என்று ஒரு தலைவர் சொல்லிக் காளீஸ்வரன் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுதிவிட்டு, சொன்னபடி சத்தமாக வாசித்தார். 

கம்பெனி லைசென்சில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டார்கள். அதற்குள் கொரோனா வந்து ஊரே பூட்டியது. மனுவை மறுபடி போட்டு, மேல்முறையீடும் போட்டு, பதில் வந்து சேர ஒன்றரை வருஷம் ஆனது. அந்த நாட்களில் வேல்விழி ஊராட்சிச் சட்டத்தை வாங்கி வைத்துக்கொண்டு படித்தாள். பட்டாசுக் கம்பெனியின் மேல் ஊராட்சித் தலைவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று தேடினாள். கம்பெனிக்குள் நுழைந்து பார்க்கவோ, வேலையை நிறுத்தவோ அவளுக்கு உரிமை இருப்பதாக எந்தப் பக்கத்திலும் இல்லை.

பதில் காகிதம் வந்த அன்று அதை மூன்று தரம் படித்தாள். முப்பத்திரண்டு அறை. ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. லைசென்ஸ் சிவகாசிக்காரர் ஒருவர் பெயரில் இருந்தது. போர்மேன் என்று வேறொருவர் பெயர். ஆனால் ஊரறிய கம்பெனியை நடத்தியது மாரிக்கண்ணன். அவர் பெயர் காகிதத்தில் எங்குமே இல்லை. லைசென்ஸ்காரரிடமிருந்து உள்குத்தகைக்கு எடுத்திருந்தார். சட்டப்படி அது கூடாது.

"கம்பெனி வாசலுக்கு எதிர்த்தாப்புல இருக்கிற ரோட்டோரம் யாருதுண்ணே?"

"ஊராட்சியோடதுதான்."

"அப்ப அங்கன ஒரு போர்டு வைக்கிறதுக்கு யாரைக் கேக்கணும்?"

காளீஸ்வரன் யோசித்தார். "நம்மளைத்தான் கேக்கணும்" என்றார். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

மஞ்சள் தகரத்தில் கறுப்பு எழுத்து. முதல் வரி: அறைகள் முப்பத்திரண்டு. இரண்டாவது வரி: ஓர் அறைக்கு நாலு பேர். மூன்றாவது வரி: லைசென்ஸ் பெற்றவர் பெயரும் போர்மேன் பெயரும். வேறு ஒன்றும் இல்லை. எச்சரிக்கை இல்லை, கண்டனம் இல்லை. போர்டை நட்ட அன்று வேனில் வந்து இறங்கிய பெண்கள் நின்று படித்துவிட்டு உள்ளே போனார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் சொன்னார்கள்.

பதினொரு நாள் ஒன்றுமே நடக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் பாண்டிலட்சுமி வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள். காளீஸ்வரன் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"என்ன, மேலுக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல. எங்க ரூமுல எனக்கு முன்னாடியே நாலு பேரு உக்காந்துட்டாக. நான் அஞ்சாவது. வெளிய வந்து வேப்பமரத்தடில உக்காந்தேன். என்னன்னு மாரிக்கண்ணன் கேட்டாரு. போர்டுல போட்டிருக்குன்னேன். அப்ப வீட்டுல போய் உக்காருன்னுட்டாரு."

"உனக்கு எதுக்கு இந்த வேலை? நான் அரசாங்கத்து ஆளு..."

"நீங்க அரசாங்கத்து ஆளு. முழங்கால் இடிக்கிறது எனக்கு" என்றபடி அவள் கூந்தலை அவிழ்த்து முடிந்துகொண்டு அடுப்படிக்குள் போனாள்.

மறுநாள் ஏழு பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அதற்கு மறுநாள் நாற்பது பேர். யாரும் கோஷம் போடவில்லை. ஒவ்வோர் அறையிலும் நாலு பேர் உட்கார்ந்ததும் அஞ்சாவது ஆள் வெளியே வந்துவிட வேண்டியது, அவ்வளவுதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று மாரிக்கண்ணன் விசாரித்துப் பார்த்தார். தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தது. வடநாட்டு ஆர்டர் லோடு ஏறாமல் நின்றது.

*

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் மாரிக்கண்ணன் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. அவரும் பன்னிரண்டு வயதில் திரி உருட்டியவர்தான். ஓர் உள்ளங்கை முழுக்கப் பழைய தீக்காயத் தழும்பு.

"ரூமுக்கு நாலு பேருன்னா நாலு பேரு. மூடிக்கிடக்கிற எட்டு ரூமையும் தொறந்து விட்டுருதேன். மிஞ்சுற ஆளைப் பேக்கிங்குக்கு மாத்திக்கிடுதேன், ஒருத்தரையும் வேலையை விட்டு நிறுத்த மாட்டேன். எழுதியே தாரேன். ஆனா அந்த மூணாவது வரி போர்டுல இருக்கப்படாது. லைசென்சு யாரு பேர்ல இருக்கு, போர்மேன் யாருன்னு நீங்க மேல எழுதிப் போட்டீகன்னா கம்பெனிக்கு சீல் வச்சிருவாங்க. நூத்தி எம்பது குடும்பம். தீபாவளிக்கு முன்னாடி. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க."

வேல்விழி மேசை மேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் மாட்டேன் என்பாள் என்று காளீஸ்வரன் நிச்சயமாக நம்பினார்.

"சரி" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளே போய் மூன்றாவது வரியின் மேல் மஞ்சள் பெயின்ட் அடித்தாள். காளீஸ்வரன் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் எழுதிப் போட்டா இங்கன மூடிருவாங்க. இவரு போர்டு இல்லாத ஊருல போய் நடத்துவாரு. அங்கன ரூமுக்கு ஒம்பது பேரு உக்காருவாக" என்றாள். பிறகு, "தப்புன்னு நெனைக்கீகளாண்ணே?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியல, தலைவரம்மா."

அது உண்மைதான். அவருக்குத் தெரியவில்லை. தன் வேலைக்காலத்தில் அவர் பார்த்த ஒப்பந்தங்கள் எல்லாவற்றிலும் தலைவருக்கு ஏதாவது கிடைக்கும். இதில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று தேடிப் பார்த்தார். கிடைத்தது எல்லாம் பாண்டிலட்சுமிக்குத்தான். உட்கார்ந்து வேலை பார்க்க ஓர் அறையில் கால்வாசி இடம்.

இரண்டு வருஷம் அந்த ஒப்பந்தம் நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து போர்டைப் படம் எடுத்துப் போனார்கள். கட்சி மேடைகளில் வேல்விழியைப் பேச அழைத்தார்கள். விருதுநகரில் ஒரு மாநாட்டில் அவள் ஐந்து நிமிஷம் பேசியது செல்போன்களில் சுற்றியது. "இளந்தலைவர்" என்று ஒரு பத்திரிகை போட்டது. அவளுக்கு மேடைப் பேச்சு வராது. கேள்வியைச் சொல்லிவிட்டுப் பதில் வருகிறதா என்று கூட்டத்தைப் பார்ப்பாள். அதுவே ஜனங்களுக்குப் பிடித்திருந்தது.

*

2023 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, பதினொன்றே முக்கால் மணி. காளீஸ்வரன் வீட்டு வரி ரசீது எழுதிக்கொண்டிருந்தார். சத்தம் முதலில் காதில் விழவில்லை, நெஞ்சில் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி உதறியது. வெளியே ஓடி வந்தபோது கிழக்கே வெள்ளைப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. பாண்டிலட்சுமி அங்கேதான் இருந்தாள்.

கம்பெனி வாசலுக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் வெளியே ரோட்டில் இருந்தார்கள். பாண்டிலட்சுமி யாரையோ பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வேல்விழி அவருக்கு முன்பே வந்திருந்தாள். தீயணைப்பு வண்டி வந்ததும் அதிகாரி வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"உள்ள எத்தனை பேரு?"

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்து அந்த அதிகாரி பார்த்ததில்லை. எந்தக் கம்பெனியிலும் ஆளுக்கொரு எண்ணிக்கை சொல்வார்கள். இங்கே பாண்டிலட்சுமி முன்னால் வந்தாள்.

"பதினேழாம் நம்பர் ரூமு. நாலு பேரு. சின்னத்தாய், அவ ஜோடி வேலை பாக்கிற தாயில்பட்டிக்காரப் பையன், அப்புறம் எங்க தெருவுல ரெண்டு பேரு. மத்த ரூமுல எல்லாரும் வெளிய வந்துட்டாக. எண்ணிட்டோம்."

நாலு பேரையும் இருபது நிமிஷத்தில் வெளியே கொண்டுவந்தார்கள். அந்தத் தெருக்காரர்கள் இருவரும் தீக்காயத்தோடு பிழைத்தார்கள். தாயில்பட்டிப் பையன் போகிற வழியிலேயே போய்விட்டான். சின்னத்தாய் மூன்றாம் நாள் மதுரையில் இறந்தாள்.

காரணம் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முந்தின நாள் கலந்து மிஞ்சிய வெடிமருந்தை அழிக்காமல் அறையிலேயே வைத்திருந்தார்கள். அழிக்கச் சொல்ல வேண்டியது போர்மேன். காகிதத்தில் பெயர் இருந்த போர்மேன் ஒரு நாளும் செங்கூரணிப் பக்கம் வந்ததே இல்லை. மாரிக்கண்ணன்தான் எல்லாம். அவர் மறுநாள் தானாகவே காவல் நிலையத்துக்குப் போனார்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் வேல்விழி வாக்குமூலம் கொடுத்தாள். காளீஸ்வரன் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"கம்பெனி உள்குத்தகைக்கு ஓடுனது எனக்குத் தெரியும். போர்மேன் வராததும் தெரியும். ரெண்டு வருசமாத் தெரியும். ரூமுக்கு நாலு பேருன்னு அவங்க ஒத்துக்கிட்டதால நான் மேல எழுதல. போர்டுல இருந்த வரியை நான்தான் அழிச்சேன்."

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "இதை நான் கேக்கவே இல்லையேம்மா. எழுதணுமா?"

"எழுதிக்கோங்க சார்."

அன்று சாயங்காலம் கட்சியின் மாவட்டச் செயலர் போன் பண்ணினார். "அந்த ஒரு வார்த்தையை விட்டிருக்கலாமேம்மா. நல்லா வந்துக்கிட்டு இருந்தே" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. அவள் கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

காளீஸ்வரனையும் விசாரித்தார்கள். பதினேழாம் நம்பர் அறை, 2014-ல் அவர் ஒற்றிய கைநாட்டுகளின் மேல் கட்டப்பட்ட வரிசையில் இருந்தது. அதைக் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் இரண்டு நாள் தூங்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அவராகவும் சொல்லவில்லை. வெளியே வந்து சைக்கிள் நிறுத்துமிடத்தில் வெகுநேரம் நின்றார். கேட்காததைச் சொல்கிற தைரியம் ஒருத்திக்கு எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு விளங்கவில்லை. அவரைவிடப் பாதி வயதுதான் அவளுக்கு.

*

சுதந்திர தினக் கூட்டத்துக்குக் கூடம் கொள்ளாத கூட்டம். கம்பெனிக்கு சீல் வைத்திருந்தார்கள். சீசன் போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த முகங்களில் பாதி அவளைப் பார்க்கவே இல்லை. சங்கிலிமுத்து எழுந்து, தலைவர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இப்படியொரு தீர்மானத்தை வைத்து ஒரு தலைவரை இறக்கிவிட முடியாது என்று காளீஸ்வரனுக்குத் தெரியும். சட்டத்தைப் படித்த வேல்விழிக்கும் தெரியும்.

"எழுதுங்கண்ணே" என்றாள்.

எழுதினார். பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றாள். ஒருத்தி எழுந்து, "உன்னால எங்க வயித்துல ஈரத்துணி" என்றாள். இன்னொருவர், போர்டு இல்லாவிட்டால் ஒன்பது பேர் போயிருப்பார்கள் என்றார். அப்போது சின்னத்தாயின் மகள் சினேகா எழுந்தாள். நர்சிங் முதல் வருஷம் படிக்கிற பெண்.

"அந்த மூணாவது வரியை எதுக்கு அழிச்சீக?"

வேல்விழியும் எழுந்து நின்றாள்.

"அழிச்சா மத்த ரெண்டு வரியும் நிக்கும்னு நெனைச்சேன். மூணையும் நிக்க வைக்கிறதுக்கு வேற வழி இருந்திருக்கும். நான் தேடல. அம்புட்டுதான் சினேகா. வேற காரணம் இல்ல."

சினேகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குப் பிறகு அவள் வேல்விழியோடு பேசியதாகக் காளீஸ்வரன் கேள்விப்பட்டதில்லை.

கை தூக்கச் சொன்னபோது ராஜினாமா வேண்டும் என்று எழுபத்தாறு கை. வேண்டாம் என்று தொண்ணூற்றொன்று. வேல்விழி எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. சினேகாவும் தூக்கவில்லை. அதையெல்லாம் எழுதிக் காளீஸ்வரன் சத்தமாக வாசித்தார்.

கம்பெனி ஏழு மாதம் கழித்துத் திறந்தது. லைசென்ஸ்காரரே நேரில் வந்து நடத்தினார். போர்மேன் ஒருவர் சாத்தூரிலிருந்து தினம் பைக்கில் வந்தார். இடைப்பட்ட நாட்களில் ஊர்ப் பெண்கள் வேன் ஏறி வெளியூர்க் கம்பெனிகளுக்குப் போனார்கள். அங்கே உட்கார்ந்ததும் ஆளை எண்ணினார்கள். சில இடங்களில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். சில இடங்களில் சிரித்துவிட்டு ஓர் ஆளைக் குறைத்தார்கள். இதைப் பாண்டிலட்சுமி வந்து சொல்லும்போது செய்தி மாதிரிச் சொல்வாள். பெருமை இருந்தாலும் வெளியே தெரியாது.

*

2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்தது. வேல்விழி அலமாரிச் சாவிகளை ஒப்படைத்துவிட்டுத் திருத்தங்கல் அச்சகத்துக்கே வேலைக்குப் போய்விட்டாள். காலையில் லேபிள், சாயங்காலம் கட்சி வேலை. காளீஸ்வரனை ஆலங்குளத்துப் பக்கம் வேறோர் ஊராட்சிக்கு மாற்றினார்கள்.

சட்டமன்றத் தேர்தலுக்கு விருப்பமனு வாங்கியபோது அவளும் கொடுத்தாள். நேர்காணலுக்கு விருதுநகர் போக, துணைக்குப் பாண்டிலட்சுமியைக் கூப்பிட்டாள். காளீஸ்வரன் அரசு ஊழியர் என்பதால் போக முடியாது. வாசலில் காத்துக் கிடந்து, மனைவி வந்ததும் செருப்பைக் கழற்ற விடாமல் கேட்டார்.

"என்ன கேட்டாக?"

"அஞ்சு வருசத்துல என்ன சாதிச்சீகன்னு கேட்டாக. ஒரு போர்டு வச்சேன், அதுல ஒரு வரியை நானே அழிச்சேன்னுச்சு."

"அப்படியேவா சொன்னது?"

"அப்படியேதான். ஒரு பெரியவரு, எதிர்க்கட்சிக்காரன் இதை வச்சே போஸ்டர் அடிப்பானேம்மான்னாரு. அடிக்கட்டும், எங்க பிரஸ்ஸுக்கு வந்தா நானே பிழை பாத்துக் குடுக்கேன்னுச்சு. அம்புட்டுப் பேரும் சிரிச்சுட்டாக. நானும் சிரிச்சுட்டேன்."

"சீட்டு?"

"அதைப் பத்திப் பேச்சே வரல. டீ குடுத்தாக."

கூட்டணிப் பேச்சில் அந்தத் தொகுதியே அவர்கள் கட்சிக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அவளுக்குத் தந்திருப்பார்களா என்பதைக் காளீஸ்வரனால் தீர்மானிக்க முடியவில்லை. மாவட்டத்தில் பட்டாசுத் தொழிலாளர் பாதுகாப்புக்கென்று ஒரு குழு போட்டு, அதற்கு அவளைப் பொறுப்பாக்கினார்கள். நாற்காலி இல்லாத பொறுப்பு. வெம்பக்கோட்டை வட்டாரத்தில் இப்போது ஒன்பது ஊர்களில் கம்பெனி வாசலுக்கு எதிரே மஞ்சள் தகரம் நிற்கிறது. ஒன்பதிலும் மூன்று வரி. இரண்டு ஊர்களில் இரவோடு இரவாகப் பிடுங்கிப் போட்டார்கள். அவள் போய் மறுபடி நட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காளீஸ்வரன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது போன் அடித்தது.

"அண்ணே, சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. சொல்லும்மா." தலைவரம்மா என்று கூப்பிடுவதை அவள் நிறுத்தச் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது.

"ஆம்புலன்ஸ் எங்கன நிக்கணும்னு யாருண்ணே முடிவு பண்ணுறா? சீசன்ல விபத்து பூராவும் கிராமத்துப் பக்கம் நடக்கு. வண்டி பூராவும் டவுனுக்குள்ள நிக்கி. யாருகிட்டயாவது இதுக்கு ஒரு காகிதம் இருக்கும்ல?"

காளீஸ்வரன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். எந்த அலுவலகம், எந்த மேசை என்று மனசுக்குள் தேடினார். கிடைக்கவில்லை. இந்தத் தடவை அவள் எங்கே போய் நிற்பாள் என்று அவருக்கு மறுபடி குறுகுறுப்பு வந்துவிட்டது.

"நாளைக்கு யூனியன் ஆபீசுக்கு ஒரு வேலையாப் போறேன்" என்றார். "கேட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."